தொட்டிக்குப் போட்ட குளோரின்

குளோரின் பவுடர் வாளி காலியானபோது எனக்கு வந்த திருப்தியை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மீன்பிடிக்கப் போய்வந்த வள்ளம் உடைந்தபிறகு, எங்கள் கரையில் புதிதாகக் கட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தேன். மறுநாள் திணைக்களத்துப் பெரியவர் ஒருவர் வந்து, கடலுக்குப் போகும் குழாயின் வால்வை முதன்முறையாகத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. காற்றூட்டும் தொட்டியோ கபில நிறத்தில் நுரைத்து, சேற்று மணம் வீசிக்கொண்டு கிடந்தது. பெரிய மனிசர் வருகிற இடத்தில் இப்படியா? மாரி வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தொட்டியும் அப்படித்தான் என்று நினைத்தேன், மடையன். ஒரு வாளி முழுக்கக் கொட்டினேன்.

நிலையத்தின் பொறுப்பாளர் புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவரின் மகள். என் மூத்தவளின் வயதுகூட இராது. எனக்கு அவர் ‘மிஸ்’, அவருக்கு நான் ‘அண்ணை’. காலையில் தொட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நுரை அடங்கி, தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது.

“என்ன போட்டனீங்கள் அண்ணை?”

“குளோரின் மிஸ். கிருமியெல்லாம் செத்திருக்கும்.”

“ஐயோ அண்ணை! அந்தக் கிருமிதானே ஊத்தையைத் திண்டு தண்ணியைத் தெளியவைக்கிறது. இப்ப ஆர் அதைச் செய்யிறது?”

ஊரின் மலக்குழிகளிலிருந்து பவுசர் லொறிகளில் வந்த அத்தனையும் தெளியாமலே கடைசித் தொட்டிவரை வந்து நின்றது. வால்வைத் திறந்தால் நேரே கடல். குழாய் முடிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் தம்பியின் நண்டு வலை.

பத்து மணிக்கு மேளதாளத்தோடு பெரியவர் வந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார். “ஐஞ்சு நிமிசம் திறந்திட்டுப் பூட்டுவம் பிள்ளை. படம் எடுக்கத்தானே. உவ்வளவு பெரிய கடலுக்கு இது என்ன?”

மிஸ் வால்வின் கைபிடியைக் கழற்றித் தன் தோள்பைக்குள் வைத்திருந்தார். “திறக்கேலாது ஐயா. நான் சம்மதிக்கமாட்டன்.” குரல் நடுங்கியது, ஆள் அசையவில்லை.

“ஆர் பார்த்த வேலை உது?”

“பொறுப்பு நான் ஐயா.”

என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை. அதற்குமேலும் வாய்மூடி நிற்க நான் என்ன மரக்கட்டையா? ஆட்களை விலக்கிக்கொண்டு போய், கொட்டினது நான்தான் என்று உரக்கச் சொன்னேன். பெரியவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாடா வெட்டாமலே வாகனம் போய்விட்டது.

பவுசர்களைத் திருப்பி அனுப்பினோம். வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்றினோம். தொட்டி மெல்லமெல்லக் கபில நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது மிஸ்ஸுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. எனக்கு வெறும் எச்சரிக்கைதான். எனக்குப் பயிற்சி தராதது தன் பிழை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தாராம். அந்த இடமாற்றக் கடிதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, கண்ணீர் பிறகுதான். தண்ணீர் தெளிந்த நாளில் மேளமும் இல்லை, மாலையும் இல்லை. அவர் இல்லாமலே வால்வைத் திறந்தோம்.

இப்போது அந்தத் தொட்டியை நான்தான் பார்க்கிறேன். ஊரில் என்னை மலத்தண்ணிக்காரன் என்பார்கள். ஓம், அதற்கென்ன? போன மாதம் அடைமழை, மலக்குழிகள் நிரம்பிப் பவுசர்கள் வாசலில் வரிசையாக நின்றன. அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்து, தெளிந்தாலென்ன தெளியாவிட்டாலென்ன, திறந்துவிடு, இல்லாவிட்டால் வேலை போகும் என்றார்.

“போனாப் போகட்டும் ஐயா,” என்றேன். “வேலை போனா நான் திரும்பக் கடலுக்குத்தான் போகோணும். அதையும் கெடுத்துப்போட்டு எங்கை போறது?”