என் படத்துக்கு மாலை போட்டார்கள்

பன்னிரண்டு வருடமாக சீரியலில் நடிக்கிறேன். கதாநாயகனாக ஒரு நாள்கூட இல்லை. கதாநாயகிக்கு அண்ணன், சித்தப்பா, கொஞ்ச நாள் ஊர்த்தலைவர். சென்னையில் படப்பிடிப்பு, தூத்துக்குடியில் வீடு, இரண்டுக்கும் நடுவே ரயில். தெருவில் யாரும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிவிட்டது, சீரியல் பெயர்தான்.

எங்கள் தொழிலில் லீவு கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. போன வருடம் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. பத்து நாள் கேட்டேன். "தாராளமா போயிட்டு வாங்க சார்" என்றார் புரொடக்ஷன் மேனேஜர். அவர் அவ்வளவு இனிமையாகப் பேசியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்த நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். "சிரிச்ச மாதிரி ஒரு ஸ்டில் அனுப்புங்க சார். வேஷ்டி சட்டைன்னா நல்லது."

புரிந்துவிட்டது. கதாநாயகியின் அண்ணன், அதாவது நான், லாரியில் அடிபட்டுச் செத்தான் என்று யாராவது ஃபோனில் கேட்டுக் கதறுவார்கள். அடுத்த காட்சியில் சுவரில் படம், மாலை, ஊதுபத்தி. என் சாவுக்கு நான் போக வேண்டிய வேலையே இல்லை. கோபம் கோபமாக வந்தது. சண்டை போட்டால் அடுத்த சீரியலுக்கும் ஆப்பு. ஃபோனில் தேடினேன். மேக்கப் இல்லாமல் வேஷ்டியில் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மச்சினன் கல்யாணத்தில் மனைவியோடு எடுத்தது. அவளை வெட்டிவிட்டு அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. தையல் பிரிக்காத உடம்பு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முட்டாள்தனம்.

அவள் என் சீரியலை ஒரு நாளும் விடமாட்டாள். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரையில் என் படம் வந்தது. ரோஜா மாலை, பெரிய பொட்டு. என் தோளில் நாலு விரல்கள், மோதிரத்தோடு. அவளுடைய விரல்கள். வெட்டும்போது நான் கவனிக்கவே இல்லை.

அவள் கை தாலிக்குப் போனது. டிவியை அணைத்தாள்.

"என் கை தோள் மேல இருக்கும்போதே உங்களுக்கு மால போட்டுட்டாவளே" என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

மறுநாள் வெளியே போனால் பேக்கரி அண்ணாச்சி வேறு. மக்ரூன் பொட்டலம் கட்டிக்கொண்டே, "நல்ல சாவுதான் தம்பி, படுக்கையில கெடக்காம போயிட்டிய" என்று ஆறுதல் சொன்னார். சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயம்தான். ஐம்பது வயதில் இனி யார் கூப்பிடுவார்கள்?

அதற்கடுத்த நாள் மதியம் மேனேஜர் கூப்பிட்டார். "சார், ஆடியன்ஸ் ரொம்ப ஃபீல் பண்றாங்க. அடிபட்டது வேற ஆள்னு மாத்திக்கலாம். திங்கக்கிழமை வந்துடுங்க."

திங்கட்கிழமை அவளுக்குத் தையல் பிரிக்கும் நாள். ஸ்பீக்கரில் எல்லாம் அவளுக்கும் கேட்டது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் இரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"போங்க. நான் தங்கச்சிய கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிடுதேன். எத்தன நாளைக்கி உசுரோட வச்சிருப்பாவன்னு மட்டும் கேட்டுக்கிடுங்க."

பன்னிரண்டு வருடத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி அது. கேட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

"வந்துடுறேன் சார்" என்றேன்.