மழை நாளில் நிலம் பார்ப்பவர்

வானம் கறுத்து, தெருவே காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடும் நேரத்தில் இவர் வண்டிச் சாவியைத் தேடுவார். பிளாஸ்கில் சுடுதண்ணீர், தோளில் மழைக்கோட்டு, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். யாரோ வாங்கப்போகிற நிலத்தைப் பார்க்கப் பழைய ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

தரகர்கள் இவருக்கு வைத்த பெயர் மழைக்காரி. அது முதுகுக்குப் பின்னால்தான். நேரில் வாய் நிறைய மேடம். "வெயில் அடிக்கறப்போ வாங்க மேடம், மலை அம்சமா தெரியும்" என்று ஒரு தரகர் கெஞ்சிப் பார்த்தார். "மலை எங்கயும் போயிடாதுப்பா. ரோடு இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு இவர் சேற்றில் இறங்கினார்.

நகரத்து வேலை புளித்துப்போய், நாலு கோழி, ஒரு கிணறு, சொந்தக் கீரை என்று தன் கையே தனக்கு உதவியாக வாழக் கிளம்புகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். புயல் அடித்தாலும் கடையெல்லாம் மூடினாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களுக்காக ஒரு வட்டாரத்தையே சல்லடை போட்டுச் சலித்து, குடியேறலாமா கூடாதா என்று சொல்வதுதான் இவர் பிழைப்பு. அதற்கு முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினார். முழங்கால் மக்கர் செய்ததும் அதை விட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத வீடுகள் சில இன்னும் அவர் கனவில் வருகின்றன.

நிலத்தை அவர் பார்க்கிற விதமே தனி. பழைய வீடு கண்ணில் பட்டால், வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறை எவ்வளவு உயரம் என்று தொட்டுப் பார்ப்பார். மழையில் மாடுகள் எந்த மேட்டில் ஒதுங்குகின்றன என்று பார்ப்பார். மருந்துக்கடைக்காரரிடம், "கரண்ட் போச்சுன்னா இன்சுலினை எங்கண்ணே வைப்பீங்க?" என்று கேட்பார். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வண்டிக்குள் வைத்து, அது தெளிகிற வரை வாயே திறக்கமாட்டார். காசு கொடுத்துக் கூட்டிவந்தவர்கள் அந்த டம்ளரை அவரோடு சேர்ந்து முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்த பிறகு, தொப்பலாக நனைந்தபடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். "வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, ஒரு கை தள்ளி விடுறீங்களா?" பாதி நேரம் அது பச்சைப் பொய். ஒரு பெரியவர் பொய்யைக் கண்டுபிடித்து மண்வெட்டியோடு துரத்தியே விட்டார். ஜீப்பில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே இவர் சொன்னார்: "நல்ல எடம். திட்டுறதுக்குன்னாலும் மழையில எறங்கி வந்தார் பாரு! ஒரு ஆபத்துன்னா ஆம்புலன்சுக்கு முன்னாடி வர்றது இந்த மாதிரி ஆளுதான்."

ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவருக்குச் சொந்தத் தங்கை வடிவில் சோதனை வந்தது. தங்கையின் கணவர் ஒருமுறை மாரடைப்பில் விழுந்து பிழைத்தவர். மலையடிவாரத்தில் ஓர் இடம் அவர் மனதைப் பறித்துவிட்டது. கறுப்பு மண், வற்றாத கிணறு, ஓட்டு வீடு. வாங்குவதற்கு முன்பே சோலார் பலகையும் விதைகளும் டப்பா டப்பாவாகச் சாமானும் சேர்த்துவிட்டார். கோழிகளுக்குக்கூட முன்பணம் கொடுத்தாயிற்று.

மழை பிடித்ததும் மூவரும் போனார்கள். மண்ணில், கிணற்றில், பக்கத்து வீட்டுக்காரரிடம் இவருக்கே குறை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஓடைக்கு வந்தபோது தரைப்பாலத்தைக் காணவில்லை. அதன்மேல் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

"ரெண்டு நாள்ல வடிஞ்சிடும் அண்ணி. அதுக்குத்தானே சாமானெல்லாம் வாங்கி வச்சிருக்கேன்" என்றார் தங்கையின் கணவர்.

"அரிசி பருப்பு வாங்கி வைக்கலாம் மாப்பிள்ளை. நெஞ்சு வலிக்கு எதை டப்பால போட்டு வைப்பீங்க? இந்த எடம் வேணாம்."

நல்லவேளையாகச் சாயங்காலமே தண்ணீர் இறங்கியது; அதுவரை அவர் ஜீப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும் சமையலறையில் தங்கை மெல்லச் சொன்னாள்: "நீ சொல்றது நியாயந்தான்க்கா. ஆனா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுக்கப்புறம் அவர் சிரிச்சதே அந்த மண்ணைக் கையில எடுத்தப்பதான்."

இது இவரைச் சுட்டது. சுவர்க் கறையையும் மாட்டையும் பார்த்த கண், பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டதே என்று வெட்கப்பட்டார். ஆனால் சொன்ன பேச்சிலும் பிசகில்லை, பாலம் பாலம்தான். அடுத்தடுத்த மழைகளில் ஜீப் தனியாகவே அந்தப் பக்கம் போய்வந்தது. எங்கே போகிறாய் என்று கேட்ட தங்கைக்கு "வேலையிருக்கு" என்பதே பதில்.

ஒருநாள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய், ஓடைக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிச் சாலையை ஒட்டிய சின்ன வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார்.

"நிலத்தை வாங்குங்க மாப்பிள்ளை. வெயில் காலம் பூரா அங்க இருங்க. மழை பிடிச்சா ஓடையைத் தாண்டி இங்க வந்துடணும். கோழிக்குத் தீனி போட அங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டார், கேட்டுட்டேன்."

"இது யார் வீடு அண்ணி?"

"வாடகைக்கு எடுத்திருக்கேன். நகரத்து வீட்டைக் காலி பண்ணியாச்சு. எனக்கு மட்டும் அங்க என்ன வச்சிருக்கு?"

தங்கை அழுதுவிட்டாள். அவள் கணவர் குனிந்து வாசல் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். இவருக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு முன்னறைக்குள் போனார். அங்கே மாப்பிள்ளைக்காகப் போட்டிருந்த கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை இழுத்து நடுவில் விட்டார். வாசலிலிருந்து கட்டில்வரை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஸ்ட்ரெச்சரின் பிடிகளைப் பற்றியிருப்பதுபோல ஒருமுறை நடந்து பார்த்தார். கதவருகே கட்டில் விளிம்பில் முழங்கால் இடித்தது. கட்டிலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.