சீக்கிரம் பிரேக் பிடித்தவன்

பந்தயத் திடலின் டயர்க் கூடத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. வண்டியிலிருந்து கழற்றிய டயரை உள்ளங்கையால் தடவி, சூடு ஆறுவதற்குள் ஓட்டியவனின் எதிர்காலத்தையே சொல்லிவிடுவார். "இவன் ஸ்டியரிங்கோட சண்டை போடுறான். ரெண்டு சீசன் தாங்கமாட்டான்." சொன்னது பலமுறை பலித்திருந்தது. ஓட்டுநர்கள் அவரை ஜோசியர் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் ஒரே அணியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முரடன், இடைவெளி இல்லாத இடத்திலும் மூக்கை நுழைப்பான். மற்றவன் மௌனி. இருவருக்கும் புள்ளி சமம். அடுத்த வருடம் பெரிய பிரிவில் ஓட்ட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அணியின் முதலாளி டயர்க் கூடத்துக்கே வந்து கேட்டார்.

"ஜோசியரே, யாரை அனுப்பலாம்?"

சுற்றிலும் ஐந்தாறு மெக்கானிக்குகள். ஜோசியர் மௌனியின் முன் டயரைத் தட்டினார். "இது பந்தயம் ஓடின டயரா சார்? கழுவி வச்சா கடையில புதுசுன்னு வித்துடலாம். தம்பி பயந்துக்கிட்டே ஓட்டுறாரு."

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி உட்பட. சிரிப்பு அடங்கியபோதுதான் டயர் அடுக்குக்குப் பின்னால் மௌனி நிற்பது தெரிந்தது. கையில் ஹெல்மெட். முகத்தில் கோபம் இல்லை.

"எந்த வளைவுல அண்ணே?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏழாவதுல. வளைவுக்கு நூறு மீட்டர்னு காட்டுற பலகை வர்றதுக்கு முன்னாடியே பிரேக்குல காலை வச்சிடுறீங்க தம்பி. முரடன் பலகையத் தாண்டித்தான் வைக்கிறான்."

மௌனி தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் பந்தயம். கூடத்திலிருந்து ஏழாவது வளைவு தெரியாது. காது கொடுத்தால் கேட்கும். ஜோசியர் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பன்னிரண்டாவது சுற்றில் மௌனியின் வண்டி அந்த வளைவை நெருங்கியது. இஞ்சின் குரல் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பிறகு கேட்டது சுவரில் மோதிய சத்தம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌனி இறந்தான். வண்டியில் குறையில்லை, டயரில் குறையில்லை என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஜோசியரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பஸ்ஸில் போகும்போது திருப்பம் வந்தால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். "காலை எடுங்க, என் செருப்பை நசுக்குறீங்க" என்பாள் மனைவி. வேலை நேரத்தில் அடுக்குக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது போலிருக்கும். போய்ப் பார்ப்பார். டயர்கள்தான். திரும்பி நடக்கும்போது முதுகு கூசும்.

மூன்று வாரம் கழித்து, மௌனி கடைசியாக ஓடி முடித்த பந்தயத்தின் டயர்களைத் தேடி எடுத்தார். அன்று அவர் முன் டயரை மட்டும் பார்த்துத்தான் பேசியிருந்தார். இப்போது பின் டயர்களைத் தடவினார். கை நின்றுவிட்டது. அவை நன்றாகத் தேய்ந்திருந்தன. ஓடிப்போய் நேரப் பதிவுத் தாள்களைப் புரட்டினார். ஏழாவது வளைவைவிட்டு வெளியே வரும்போது, ஒவ்வொரு சுற்றிலும், முரடனைவிட மௌனிக்கே வேகம் அதிகம். சீக்கிரம் பிரேக் பிடித்தது சீக்கிரம் வேகமெடுக்கத்தான். முன் டயர்களைக் கடைசிச் சுற்றுகளுக்காக மிச்சம் பிடித்திருக்கிறான். இன்னும் இரண்டே வருடம் போயிருந்தால் அவனைத் துரத்திப் பிடிக்க ஆளே இருந்திருக்காது.

தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மௌனியின் அக்காவைத் தேடிப் போனார். மூன்றாவது மாடியில், துவைத்த துணிகள் நாற்காலிமேல் குவிந்திருந்த ஒரு அறை. அவள் நாற்காலியைக் காலிசெய்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காராமலே, தான் சொன்ன வார்த்தை, கூடத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பு, பின் டயர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணினான்," என்றாள் அவள். "ஒருத்தர் என் தப்பை நேராச் சொல்லிட்டாரு அக்கா, இனிமே சரி பண்ணிடுவேன்னான். சந்தோஷமா இருந்தான்."

"அது தப்பே இல்லம்மா. எனக்குத்தான் பாக்கத் தெரியல."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. தாள்களை வாங்கி, புரியாத எண்களின்மேல் விரலை ஓட்டினாள். "இதை நான் வச்சுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய பிரிவுக்கு முரடன் போனான். போகுமுன் கூடத்துக்கு வந்து, "நான் எவ்வளவு தூரம் போவேன், சொல்லுங்க" என்று கேட்டான். "டயர்ல காத்து சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த மாதமே கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். அங்கே வருவதெல்லாம் யாரும் ஓட்டாத புது டயர்கள். அவற்றையும் அவர் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறார்.