சபேசன் அங்கிள் விட்ட எண்ணெய்

ஓமானின் சலாலாவில் ‘கரீஃப்’ என்கிற சாரல் காலத்தில் சுவரே வேர்க்கும், துவைத்த பாவாடை மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தோடு கலந்து வந்த துப்பாக்கி எண்ணெய் வாடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சபேசன் அங்கிளின் முகம்தான் வந்து நிற்கும்.

அப்பா அங்கே ஓர் ‘அர்பாப்’பின், அதாவது முதலாளியின், தென்னந்தோட்டத்தில் பம்பு மெக்கானிக். தோட்டத்துக்குள்ளேயே எங்களுக்கு வீடு. கை சுத்தமான ஆள் என்று அர்பாபின் வேட்டைத் துப்பாக்கியைத் துடைக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. சாரலில் துரு ஏறாமலிருக்கக் குழலுக்குள் எண்ணெய் தடவி வைப்பார். சுடுகிற நாளன்று, உள்ளே விட்ட துணி பிசுக்கே இல்லாமல் திரும்பி வரும்வரை உலரத் துடைத்துவிடுவார். “உள்ள எண்ணெய் நின்னா மொத குண்டு சொன்ன பேச்சு கேக்காது” என்பார்.

சபேசன் அங்கிள் தோட்டத்து மேனேஜர். எங்கள் ஊர்க்காரர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து, “இன்னொண்ணு போடு தங்கச்சி” என்று அம்மாவிடம் தோசை கேட்டு வாங்கித் தின்றவர். அந்த மாதம் அப்பாவின் விசாவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அர்பாப் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் அங்கே இருக்க முடியும். அப்படிப்பட்ட நேரத்தில், விருந்தாளிகள் முன்னால் அர்பாப் பலகையில் குறி பார்த்துச் சுடவிருந்த ஒரு காலை, அப்பா எல்லாம் துடைத்து எங்கள் வீட்டு வாசல் மேசையில் வைத்துவிட்டுப் பம்பு ரூமுக்குப் போனதும், இந்த மனிதர் வந்து குழலுக்குள் எட்டிப் பார்த்தார். “பளபளன்னு இல்லையே” என்று முனகிக்கொண்டே எண்ணெயில் முக்கிய துணியை உள்ளே விட்டு இழுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பத்து வயதுக்காரி நான், அதைப் பார்த்தேன்.

முதல் குண்டு பலகையைத் தொடவேயில்லை. விருந்தாளிகளில் யாரோ சிரித்தார்கள். அர்பாப் திரும்பியதும் அங்கிள் ஒரு விநாடிகூட யோசிக்காமல் அப்பாவைக் கைகாட்டினார். “க்ளீனிங் இவன் வேலை.” எண்ணெய் எரிந்து தீர்ந்தபின் மூன்றாவது குண்டு நட்டநடுவில் பட்டது, ஆனால் அதற்குள் அர்பாபின் மானம் போயிருந்தது. “கலாஸ்” என்றார் அப்பாவிடம், முடிந்தது என்று. அந்த ஒரு சொல்லோடு விசா முடிந்தது, என் பள்ளிக்கூடமும் முடிந்தது.

அப்பா வீட்டுக்கு வந்ததும் நான் பார்த்ததைச் சொன்னேன். “தெரியும் பாப்பா, எண்ணெய்த் துணி மேசையிலயே கெடந்துச்சு. சொன்னா அவன் வேலை போயிரும், புள்ளகுட்டிக்காரன்” என்றார் அப்பா. “நாம மட்டும் என்ன, ஒண்டிக்கட்டையா?” என்று கேட்டாள் அம்மா. அப்பாவின் அந்தப் பெருந்தன்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை, அங்கே கட்டடங்கள் எழும்பிவிட்டன. அப்பாவும் இல்லை. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். போன மாதம் சபேசன் அங்கிள் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு என் ஃப்ளாட்டுக்கு வந்தார். காபியை உறிஞ்சிக்கொண்டே, “ஒங்கப்பா நல்ல மனுஷம்மா, அன்னிக்குக் கொஞ்சம் கவனமா தொடச்சிருக்கலாம்” என்றார். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டிருந்தார்.

“நான் ஜன்னல்ல இருந்தேன் அங்கிள்” என்றேன்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கொடுக்க வந்த பத்திரிகையைத் தன் கையிலேயே கொண்டுபோய்விட்டார்.