வெள்ளைச்சாமி எழுதிய சொந்த ஊர்

போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் மீனால் அடித்து ஒருவர் மண்டையை உடைத்த வழக்குக்கு நான்தான் கண்கண்ட சாட்சி. நாற்பது கிலோ சூரை மீன். அடித்த சத்தம் கடலுக்கு அந்தப் பக்கம் ராஸ் தீவு வரை கேட்டது.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாற்பது கிலோ மீனை ஒரு கையால் தூக்குகிறவன் எதற்குச் சண்டை போடப்போகிறான்? அவனைக் கண்டாலே எல்லோரும் ஓடிவிடுவார்கள். நான் கண்ணால் பார்க்கவும் இல்லை. இரண்டு கடை தள்ளிப் புளி வாங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் மீன் உண்மை, மண்டை உண்மை, 1998ஆம் வருடம் என்பதும் உண்மை. எல்லாவற்றையும்விட உண்மை, அந்த வழக்கைப் பதிவேட்டில் ஏற்றிய வெள்ளைச்சாமி. இது அவருடைய கதை.

காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறவரை எங்கள் தீவில் முன்ஷி என்போம். வெள்ளைச்சாமி இருபத்திரண்டு வருடம் முன்ஷியாக இருந்து 2018இல் ஓய்வு பெற்றார். பத்துபஸ்தியில் என் அடுத்த வீட்டுக்காரர். மனைவி காலமாகிவிட்டார், மகள் விசாகப்பட்டினத்தில். அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கும். அடிதடியில் அடித்தவர், அடிபட்டவர் விவரம் எழுதும் காயப் பதிவேட்டில் அந்தமானிலேயே நேர்த்தியானது அவருடையது என்று பெரிய அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அவரிடம் இரண்டு பேனா இருந்தன. பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் நீல மையில். நான்காவது கட்டமான ‘சொந்த ஊர்’ மட்டும் கறுப்பு மையில். இந்த ஊர் உப்புக்காற்றில் நீல மை ஊறிவிடும், கறுப்பு நிற்கும் என்பார்.

அந்த நான்காவது கட்டத்தை நிரப்ப அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் ஊர் அறிந்தது. அடித்தவனோ அடிவாங்கியவனோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீர். பிறகு கேள்வி.

“எந்த ஊரு?”

“பத்துபஸ்தி, முன்ஷிஜி.”

“உங்கய்யா?”

“பத்துபஸ்திதான்.”

“அவுகய்யா?”

“அவரு கப்பல்ல வந்தவரு.”

“எங்கேருந்து வந்து கப்பல் ஏறுனாரு? சொன்னாத்தான் பேனா நகரும்.”

வம்சம் கடலைத் தாண்டி அந்தக் கரையில் கால் வைக்கும்வரை விடமாட்டார். வங்காளிகளிடம் இதே கேள்வியை இந்தியில் கேட்டு, எல்லை தாண்டி வங்கதேசத்துக்கே போய் ‘பரிசால்’ என்று எழுதுவார். எதற்கு இந்த வேலை என்று நான்கூட ஒருமுறை கேட்டேன். “பழகிப்போச்சு டீச்சர்” என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அது அப்படியே கிடந்திருக்கும். என் பேத்தி சங்கவி வந்து கிளறினாள்.

சங்கவி மெயின்லேண்டில், அதாவது கடலுக்கு அந்தப் பக்க இந்தியாவில், சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறாள். தீவுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்களுக்கும், அவர்களுடைய இனம், மொழிக்கும், வன்முறைக் குற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்பது அவள் கேள்வி. அனுமதி வாங்கிப் பழைய காயப் பதிவேடுகளைப் பார்த்தாள். பெயர்கள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் கொடுத்தார்கள். நான்கு மாதம் தூசியில் தும்மித் தும்மி எண்ணினாள். வெள்ளைச்சாமி எழுதியதில் அடிதடி, வெட்டுக்குத்து நானூற்றுப் பன்னிரண்டு. அடித்தவர் சொந்த ஊர் மெயின்லேண்டு என்றிருந்தவை முந்நூற்று எழுபத்தொன்று. நூற்றுக்குத் தொண்ணூறு.

அவளுக்கே அது இடித்தது. “பாட்டி, எதுவோ சரியில்ல” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுடைய பேராசிரியருக்கு இடிக்கவில்லை. இங்கே நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். மறுநாள் ஒரு செய்தித்தாளில் வந்தது. அதற்கு மறுநாள் அந்தப் பக்கத்தை நகலெடுத்து எங்கள் குடியிருப்போர் கமிட்டித் தலைவர் ஜெயராமன் வீடு வீடாகக் கொடுத்தார். கீழே கையால் எழுதியிருந்தது: மெயின்லேண்டிலிருந்து வந்த வாடகைக்காரர்கள் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், ஞாயிறு காலை கூட்டத்தில் முடிவெடுக்கப்படும்.

அப்படி வந்தவர்கள் எங்கள் தெருவில் ஒரே வீடுதான். வெள்ளைச்சாமியின் முன்னறையில் குடியிருக்கும் குணாவும் அழகம்மாவும். நான்கு வருடத்துக்கு முன் கமுதியிலிருந்து வந்தவர்கள். குணா பூச்சுவேலைக் கொத்தனார். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பேன், நானே வாரியிருக்கிறேன். அழகம்மா இரண்டு பள்ளிக்கூடங்களில் சமையல். இந்த நான்கு வருடத்தில் அந்த வீட்டில் நடந்த வன்முறை, அழகம்மா ஒரு மரவட்டையைச் செருப்பால் அடித்தது மட்டும்தான்.

“காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க?” என்று கேட்டேன்.

“சௌல்தாரில ஒரு தோட்டத்து ஷெட்டு இருக்காம் டீச்சரம்மா. கதவு இல்ல. இவரு செஞ்சு மாட்டிருவாரு” என்றாள். முகம் சொன்னது வேறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கவி தன் குறிப்புகளை என் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“இதக் கேளு பாட்டி. 1998. ஆயுதம்: சூரை மீன், ஒன்று, ஐஸில் வைத்தது. எடை இரண்டரை கிலோ.”

கீரை கீழே விழுந்தது. “அடிச்சவன் சொந்த ஊரு என்ன?”

“களக்காடு, திருநெல்வேலி. மெயின்லேண்ட் ஆளு.”

நான் சிரித்த சிரிப்பில் பல் செட்டு கழன்றது. இது கூட்டல் இல்லை, சங்கவியே எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தீவில் மீனால் மண்டையை உடைத்தவர் ஒரே ஒருவர்தான், அவர் எங்கள் கமிட்டித் தலைவர் ஜெயராமன். பிறந்தது பத்துபஸ்தி. அவர் அப்பா பிறந்ததும் இங்கேதான். தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் விலங்கோடு வந்தவர். என்ன வழக்கென்று அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். கொலை என்று நான் சொல்வேன்; ஆட்டுத் திருட்டு என்று என் அம்மா சொல்வாள். ஜெயராமன் களக்காட்டை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சங்கவி சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ இதுல எத்தனை பேர் இங்கயே பிறந்தவங்க பாட்டி?”

“முன்ஷிகிட்டதான் கேக்கணும்.”

வெள்ளைச்சாமி கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அழகம்மா பாத்திரங்களைச் சாக்கில் போடும் சத்தம் கேட்டது. சங்கவி விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் சான்றிதழைத்தான் பார்த்தார்.

“என் ரிஜிஸ்டர்ல தப்பா? எழுத்து அழிஞ்சிருந்தா சொல்லு. தப்புன்னு சொல்லாத.”

“தாத்தா, அந்தக் கட்டத்துல ஆளு பிறந்து வளர்ந்த ஊருதான் வரணும். நீங்க அவங்க தாத்தா ஊர எழுதியிருக்கீங்க. அத எண்ணித்தான் எங்க சார் இப்படிப் பேசிட்டாரு. எண்ணினது நான். ஏன் தாத்தா அப்படி எழுதினீங்க?”

வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்தார். வெங்காயந்தான் என்று நினைத்தேன்.

“எங்கய்யா சாயல்குடியிலேருந்து இங்க மரம் வெட்ட வந்தாரு. எனக்கு அப்ப ஆறு வயசு. ஒரு வருஷம் காயிதம் வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. ரெண்டு வருஷம் பாத்துட்டு எங்காத்தா என்னைய இழுத்துக்கிட்டுக் கப்பல் ஏறிருச்சு. கூலி லைன்ல கேட்டோம், ஆஸ்பத்திரில கேட்டோம். கடைசியில ஒரு ஸ்டேஷன்ல பழைய ரிஜிஸ்டரத் திருப்பிக் காட்டுனாங்க. கூலி லைன் சண்டையில கத்திக்குத்து. விலக்கிவிடப் போனவராம். சொந்த ஊருன்னு இருந்த இடத்துல போர்ட் பிளேர்னு எழுதியிருந்துச்சு. போர்ட் பிளேருக்கு யாரு காயிதம் போடுவா? எங்காத்தா ரெண்டு வருஷம் பொட்டு வச்சுக்கிட்டு இருந்துச்சு.”

முன்னறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“நான் எழுதுற ரிஜிஸ்டர்ல ஒருத்தனும் அப்படிப் போகக் கூடாதுன்னு நெனச்சேன். ஆளு செத்தாலும் ஜெயிலுக்குப் போனாலும் அந்தக் கரையில யாருக்காவது ஒரு கார்டு போடலாமில்ல. போட்டிருக்கேன். பாதி திரும்பி வரும், பாதிக்குப் பதில் வரும். அவ்வளவுதான்.”

சங்கவி பேனாவை மூடிவிட்டாள். அவர் கேட்டார்: “இப்ப அது தப்புன்னு நான் சொன்னாத்தான் இந்தப் பிள்ளைக இங்க இருக்க முடியுமா?”

அவர் எழுந்து போய்ச் சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றி, பூச்சிமருந்து வாசம் அடிக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கொட்டகை நிறைந்திருந்தது. குணாவும் அழகம்மாவும் கடைசி வரிசையில், உட்காராமல் நின்றார்கள். ஜெயராமன் பேச ஆரம்பித்தார்.

“சுனோ, கேளுங்க, நான் யாரையும் தப்பாச் சொல்லல. ரிசர்ச் சொல்லுது. நூத்துக்குத் தொண்ணூறு அடிதடி மெயின்லேண்ட் ஆளுங்க. நம்ம லோக்கல் ஆளு வாய்ப்பேச்சோட நிறுத்திக்குவான்.”

வெள்ளைச்சாமி எழுந்தார். வெளுத்த சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார்.

“அந்த ரிஜிஸ்டர எழுதுனவன் நான். நாலாவது கட்டம் தப்பு. ஆளு பிறந்த ஊர எழுதாம, வம்சம் கெளம்பி வந்த ஊர எழுதிட்டேன். ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்திரண்டு வருஷம்.”

அதுவரை அவர் தன் எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல்கூடச் செய்ததில்லை.

“முன்ஷிஜி, உங்க வாடகை ஆளக் காப்பாத்தணும்னு கதை சொல்றீங்க” என்றார் ஜெயராமன்.

வெள்ளைச்சாமி நினைத்திருந்தால் மீனைச் சொல்லியிருக்கலாம். நான் இருந்த இடத்திலிருந்து வாயைத் திறந்துவிட்டேன். சங்கவி என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் மெதுவாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஜெயராமா, உங்க தாத்தா எந்த ஊரு?”

“களக்காடு” என்றார் ஜெயராமன், நெஞ்சை நிமிர்த்தி.

சொன்னவுடன் அந்தச் செம்புத் தண்ணீரும் கறுப்புப் பேனாவும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வலது கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். இருபத்தேழு வருடத்து மீன் வாசனை.

அதற்குள் பின்னாலிருந்து, அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் வங்காளி மண்டல் எழுந்தார். “அரே, என்கிட்டயும் தாத்தா எந்த ஊருன்னு கேட்டு பரிசால்னு எழுதினாரு! நான் பொறந்தது இங்கதான்!”

“நீ எதுக்குய்யா ஸ்டேஷன் போன?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“சைக்கிள் தொலைஞ்சுது.”

“சைக்கிளுக்கு எதுக்குக் காய ரிஜிஸ்டர்?”

கொட்டகை அதிர்ந்தது. “என்கிட்டயும் கேட்டாரு”, “எங்க அப்பாகிட்டயும்” என்று ஒவ்வொருவராக வாயைவிட்டு மாட்டிக்கொண்டார்கள். அந்த ஞாயிறு, பத்துபஸ்தியில் பாதிப்பேர் ஒரு காலத்தில் கை நீட்டியவர்கள் என்று அவர்களே ஒத்துக்கொண்ட நாள். ஜெயராமன் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைச்சாமியை ஒரு நிமிடம் பார்த்தார். கையிலிருந்த நோட்டீஸை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.

“சரி, சரி. சாயா வருது. குடிச்சிட்டுப் போங்க. ஏ குணா, ஏன் நிக்கிற? உக்காரு.”

அன்று சாயங்காலமே சங்கவி பேராசிரியருக்கு எழுதினாள். முன்ஷி ஞாபகத்திலிருந்து சரியான கணக்கைச் சொல்ல முன்வந்தார், அவள் மறுத்துவிட்டாள். ஞாபகத்தை நம்பி ஒரு எண்ணை எழுதிவிட்டால் நானும் அதே தப்பைச் செய்தவளாவேன் என்றாள். அந்தப் பதிவேட்டை வைத்து, யார் அதிகம் அடித்தார்கள் என்று சொல்லவே முடியாது என்று எழுதினாள். பேராசிரியர் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு, பதிவேடு எழுதப்பட்ட விதத்தையே ஒரு அத்தியாயமாக்கச் சொன்னார்.

அவள் விமானம் ஏறுமுன் வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, சான்றிதழை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள். “நீங்க எழுதினது வேற கேள்விக்குப் பதில், தாத்தா. நாங்கதான் மாத்திக் கேட்டுட்டோம்” என்றாள். அவர் சட்டம் கோணலாக இருக்கிறதென்று நேராக்கினார்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று மத்தியானம் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நெத்திலிக் குழம்புக் கிண்ணத்தோடு வந்த அழகம்மா, அடுக்களை நிலையில் சாய்ந்து முழுவதும் கேட்டாள். மீன் எடைக்குச் சிரித்தாள். மரவட்டைக்குக் கோபித்தாள். எல்லாம் முடிந்ததும், கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எல்லாஞ் சரிதான் டீச்சரம்மா. ஆனா கமுதின்னு போட்டிருக்கீங்க. கமுதில எங்களுக்கு யாரு இருக்கா? அங்கேருந்து பஸ்ஸு மாறிப் போகணும், அபிராமம். முன்ஷியண்ணன் அன்னைக்கே எங்ககிட்டக் கேட்டு, காலண்டருக்குப் பின்னால கறுப்பு மையில எழுதி வச்சிருக்காரு. அதப் பாத்து மாத்திருங்க. நாளப்பின்ன காயிதம் தப்பான ஊருக்குல்ல போயிரும்.”