வேலிப் பொட்டும் இரண்டு ராசாத்திகளும்

தங்கம் மாமியின் புத்தகத்தில் செத்தல் மிளகாய் மணக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கவேண்டும் என்று அவர் அதை அடுப்படிக் குசினியில் செத்தல் போட்டு வைக்கும் தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தபடியால், விரித்துப் பத்து வரி வாசிப்பதற்குள் எனக்குக் கண் எரிந்து மூக்கு வடியத் தொடங்கிவிடும். ராசா வேட்டைக்குப் போகிற இடத்திலும் அழுவேன், ராசாத்தி தலை வாருகிற இடத்திலும் அழுவேன். "பிள்ளை உருகி வாசிக்குது" என்று எங்கள் குடியேற்றத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் பாதி மிளகாய்க்குச் சேரவேண்டியது.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்குப் பத்து, பதினொரு வயது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்து, காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அடுத்த காணி தங்கம் மாமியுடையது. சொந்தத்தால் மாமியல்ல, வேலியால் மாமி. இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த, நட்ட தடிகள் துளிர்த்த கதியால் வேலியில் ஓர் ஆள் குனிந்து போய்வரும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதை "பொட்டு" என்போம். மாமிக்கும் மாமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. நான் காலையில் எங்கள் வீட்டில் முகம் கழுவி, பொட்டுக்குள்ளால் போய் அங்கே தேத்தண்ணீர் குடித்து, மறுபடி இங்கே வந்து சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள். எனக்கு இரண்டு வீடு இருந்தது என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.

மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த அவருடைய தம்பி, கடல் கடந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த சரித்திரக் கதையைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, சாக்கு நூலால் கட்டுக் கட்டாகத் தைத்து அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். வாசிக்கத் தெரியாத அக்காவுக்கு எதற்குப் புத்தகம் என்று அப்பா ஒருமுறை சிரித்தபோது, "உங்கட மோளை வாசிக்கப் பழக்குறன்" என்றார் மாமி. புத்தகம் அந்தப் பக்கம், நாக்கு இந்தப் பக்கம். ஆகவே பின்னேரங்களில் பொட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் எங்கள் வாசிப்பு நடந்தது.

எப்படி வாசிப்பது என்பதற்கு மாமி அறிந்த முறை ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையார் கோவில் புராணப் படிப்பு. அங்கே ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், இன்னொருவர் அதன் கருத்தை எல்லாருக்கும் விளங்கும்படி பேச்சில் விரிப்பார். அதற்குப் "பயன் சொல்லுதல்" என்று பெயர். கோவிலில் ஆண்கள்தான் பயன் சொல்வார்கள். வேப்பமரத்தடியில் மாமி சொன்னார். நான் ஒரு பக்கம் வாசித்து நிறுத்தியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயன் என்னெண்டால்" என்று தொடங்குவார். கோட்டை, முற்றுகை, ஒற்றன், தூது எல்லாம் அவர் வாயில் வட்டக்கச்சிக்கு வந்து சேர்ந்துவிடும்.

"கோட்டைக்குள்ளை அத்தினை சனம் இருந்ததெண்டால் குளம் ஒண்டு இருந்திருக்கவேணுமெல்லோ? தண்ணி ஆர் பங்கிட்டவை? அதை ஏன் இந்த மனுசன் எழுதேல்லை?" என்று ஒருநாள் கேட்டார்.

"உது நடந்த கதையோ, கட்டின கதையோ?" என்றாள் அம்மா.

"நடவாததை அச்சடிப்பினமே, மச்சாள்?"

 

புராணப் படிப்பின் சட்டங்களும் கூடவே வந்தன. தொடங்கிய படிப்பைக் குறையில் விடக்கூடாது. சாவிலோ சண்டையிலோ ஏட்டை மூடக்கூடாது. பூசைக்கு ஐயர் காத்திருந்தாலும் சரி, ஒரு நல்ல இடம் வரும்வரை படித்துவிட்டுத்தான் எழும்பவேண்டும். "நல்ல இடத்திலை நிப்பாட்டு மோனை" என்பது மாமியின் வாயில் தினமும் வரும் வசனம்.

இரண்டாவது கட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது கோடைச் சிறுபோகத்துத் தண்ணீர்ச் சண்டை வந்தது. அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் விட்டார்கள். எங்கள் முறை வந்த நாளில் மாமாவின் வயலுக்குப் போகும் வாய்க்கால் வாயை அடைக்காமல் விட்டதால், எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் அங்கே போய்விட்டது. கதிர் வெளிவருகிற பருவம். வரம்பு கட்டிய ஒரு வரவைப் பயிர் முழுதும் கண்முன்னே சுருண்டது. அம்மா பொட்டடியில் நின்று கத்தியதை நானே கேட்டேன்.

"பிள்ளை பெத்து வளத்தவளுக்கெல்லோ பயிர் வாடுற நோ தெரியும்!"

மாமி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மாமா இரண்டு நாளாய்க் காய்ச்சலில் பாயோடு கிடந்தார், அதனால்தான் வாய்க்கால் வாய் அடைபடவில்லை என்பது அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அப்பா போய்ப் பார்த்தார். ஆளுக்கொரு சுருட்டோடு ஆண்களின் வழக்கு முடிந்துபோயிற்று. பெண்களின் வழக்கு முடியவில்லை. அம்மா தான் சொன்னது கூடாத சொல் என்று அறிந்திருந்தாள். கொழுக்கட்டை அவித்த அன்று பழக்கத்தில் மாமிக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்து, பின்னேரம் வரை அதைப் பார்த்துக்கொண்டேயிருந்து, கடைசியில் எங்களுக்கே பங்கிட்டாள். போய் மன்னிப்புக் கேட்க அவளால் முடியவில்லை. அவள் பிடிவாதக்காரி, அந்தக் குணம் எனக்கும் வந்திருப்பதால் அவளை அதிகம் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஒரு வீடு இல்லாமற்போனது மட்டும் அப்போது தாங்க முடியாததாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து ஒருநாள், பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால், பொட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகையின்மேல் புத்தகம் கிடக்கிறது. அந்தப் பக்கம் மாமி முறத்தில் பயறு பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"படிப்பைக் குறையிலை விடப்படாது. வீட்டுக்கு ஆகாது" என்றார், என்னைப் பார்த்து.

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் புடைக்கச் சுளகும் நெல்லுமாக வந்து எங்கள் பக்கத்து வேலியோரம் உட்கார்ந்தாள். நான் நடுவே, பொட்டில். அன்றிலிருந்து இருவரும் ஒருவரோடொருவர் பேசாமலே ஒரே புத்தகத்தைக் கேட்டார்கள்.

கதையிலும் இரண்டு ராசாத்திகள். பெரியவள் கோட்டைக்குள் இருப்பவள். சின்னவள் தன் இரண்டு மகன்மாருடன் வெளியே படை நடத்துபவள். அவள் பகைவனுக்குத் தூது அனுப்பினாள் என்று யாரோ சொன்னதைப் பெரியவள் நம்பிவிடுகிறாள். அம்மா உடனே பெரியவளின் பக்கம். மாமி சின்னவளின் பக்கம்.

"பிள்ளை, உந்தச் சின்ன ராசாத்தி ஒரு சொல் விளக்கம் சொல்லியிருக்கலாமெண்டு சொல்லு" என்பாள் அம்மா.

"ஆருக்கு அம்மா சொல்ல?"

"புத்தகத்துக்குச் சொல்லு."

"கேக்காமல் பழி சொன்னவளுக்கு ஏன் மோனை விளக்கம் சொல்லவேணும்?" என்று அந்தப் பக்கமிருந்து பயன் வரும். கதையில் வந்த முற்றுகையைவிட இந்த முற்றுகைதான் கடுமையாக இருந்தது.

மூன்றாவது கட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்த பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். சின்ன ராசாத்தி காயத்தோடு கோட்டை வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே பெரியவள் கதவுப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். சின்னவள் வாசற்படியில் விழுகிறாள். அத்தோடு கட்டு முடிந்தது. அடுத்த கட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை மூடப்போனேன்.

"மூடாதை! விழுந்த இடத்திலையே நிப்பாட்டுறது? நல்ல இடத்துக்குப் போ" என்றார் மாமி.

"ஓம், வாசி" என்றாள் அம்மா. நாலு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. கடைசிப் பக்கத்தின் அடிவரியில் விரலை வைத்துக்கொண்டு, அச்சில் இருப்பதைப்போலவே நீட்டி வாசிக்கத் தொடங்கினேன். அப்பொழுது கோட்டைக் கதவு திறந்தது. பெரிய ராணி வெறுங்காலோடு ஓடிவந்து சின்ன ராணியின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "தங்கையே, கோபத்தில் அல்லவா சொன்னேன், பிள்ளை இல்லாதவள் என்று உன்னைச் சொன்ன அன்றிலிருந்து நான் உறங்கவில்லை" என்று அழுதாள்.

சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. சின்ன ராசாத்திக்கு இரண்டு மகன்மார். இரண்டாவது கட்டு முழுக்கக் குதிரையில் ஓடித் திரிந்தவர்கள் அவர்கள். அம்மாவின் சுளகு நின்றுவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து மாமியைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமி தொண்டையைச் செருமினார்.

"பயன் என்னெண்டால்," என்றார், வழக்கத்தைவிட மெதுவாக. "பெரிய ராசாத்தி அதை வேணுமெண்டு சொல்லேல்லை. பயிர் கண்ணுக்கு முன்னாலை கருகேக்கை வாயிலை என்ன வருகுதெண்டு ஆருக்குத் தெரியும்? சின்னவளுக்கும் அது விளங்கும். ஆனா நொந்தது நொந்ததுதானே. வந்து ஒரு சொல் கேக்கமாட்டாவோ எண்டு அவவும் வாசலையே பாத்துக்கொண்டு இருந்திருப்பா."

அந்தக் கதையில் பயிர் என்று ஒன்று எங்குமே இல்லை.

அம்மா சுளகை வைத்துவிட்டு எழுந்தாள். நான் பொட்டில் குந்தியிருந்ததால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். என் தோளில் கையூன்றிக் குனிந்து அந்தப் பக்கம் போனாள். "மச்சாள், நான் சொன்னது பிழை. வாய் அழுகிப்போற சொல்லு" என்றாள். மாமி அவளைப் பக்கத்தில் இருத்தி, அவள் தலையில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். அன்று அதற்கு மிளகாய் தேவைப்படவில்லை.

நாலாவது கட்டு பத்து நாளில் வந்தது. களவாக முதலில் நானே வாசித்துப் பார்த்தேன். கோட்டைக் கதவு திறக்கவேயில்லை, சின்ன ராசாத்தி வாசலிலேயே செத்துப்போகிறாள், பெரியவள் வெளியே வரவேயில்லை. மாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் மோனை," என்றார் மாமி. "நீ அண்டைக்கு ஒரு ஒற்றைத் தாளும் பிரட்டேல்லை. அந்த ரண்டு பெடியளையும் வேறை விழுங்கிப்போட்டாய்!"

ஆனாலும் படிப்பைக் குறையில் விடக்கூடாதே. நாலாவது கட்டையும் வாசிக்கச் சொன்னார். அம்மாவும் மாமியும் இப்போது ஒரே பாயில் உட்கார்ந்து கேட்டார்கள், கேட்டு முடித்ததும் எழுதியவரை ஒரே குரலில் ஏசினார்கள். "இந்த மனுசன் வேலிக்கரையிலை சீவிக்கேல்லைப் போல" என்பது அம்மாவின் முடிவு. கதை சாவில் முடிந்ததால் நான் வாசித்த அந்த இல்லாத பக்கத்தை மறுபடி வாசித்துத்தான் எழும்பினோம். பிறகு எத்தனையோ தரம் அந்தப் புத்தகம் படிக்கப்பட்டது. ஒவ்வொரு தரமும் கதவு திறந்தது. பெடியள் இருவரையும் மட்டும் திருத்திச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மாவும் மாமியும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். தகரப் பெட்டியும் நாலு கட்டும் போர்க்கால இடப்பெயர்வில் போயின. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வேலியும் இல்லை. இப்போது அந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில் நிற்கிறது. மதிலில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அந்தப் பக்கம் குடிவந்திருக்கும் இளம் பெண்ணை இரண்டு வருடமாக எனக்குத் தலையசைப்பளவில்தான் தெரியும்.

கண் மங்கிவிட்டதால் பேத்தி என் கைப்பேசியில் ஒலிப்புத்தகங்கள் போட்டுத் தந்திருக்கிறாள். நல்ல குரல், திருத்தமான உச்சரிப்பு, மூக்கு வடியாத வாசிப்பு. நான் நடுவில் ஏதாவது சொன்னால் அது காத்திராமல் போய்க்கொண்டேயிருக்கும், அதுதான் குறை. போன கிழமை ஒரு பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டுச் சத்தமாக வைத்துச் சரித்திரக் கதை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓர் அரசகுமாரி போர்க்களத்தில் விழுந்து செத்தாள். அத்தோடு புத்தகம் முடிந்து குரல் நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, அதிலை நிப்பாட்டாதேங்கோ. விளக்கு வைக்கிற நேரம்."

"புத்தகம் முடிஞ்சுது பிள்ளை" என்றேன்.

"அப்ப மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோவன்."

கதிரையை மதிலோடு இழுத்துப் போட்டுக்கொண்டேன். தொடங்குமுன், அந்த அரசகுமாரிக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் ஒருமுறை நன்றாக நினைத்துப் பார்த்தேன்.