விளக்குக்கு மேலே தெர்மொஸ்தா

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, குசினி ஜன்னலின் உட்புறத்தில் வழிந்துகொண்டிருந்த நீர். பாரிசின் லா ஷப்பலில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் சில நாட்களாகவே அறைகளைச் சூடாக்கும் ரதியத்தர்கள் குளிர்ந்து கிடந்தன. அவற்றுக்குச் சுடுநீர் அனுப்பும் ஷொதியேரோ குசினிச் சுவரில் பழுதின் அறிகுறியே இல்லாமல் இருந்தது. பச்சைப் புள்ளி எரிந்தது, நீரழுத்தம் சரி, குழாயைத் திறந்தால் சுடுதண்ணீரும் வந்தது. காற்று அடைத்திருக்குமென்று ரதியத்தர்களை ஒவ்வொன்றாகத் திருகியும் பார்த்துவிட்டேன். அறையில் பதினான்கு பாகை. மாதம் நிறையுமுன் பிறந்த மகளை என் மனைவி ஜெயந்தி தன் கோட்டுக்குள் வைத்திருந்தாள். முதல்நாள் வந்த மருத்துவிச்சி பிள்ளையின் பாதங்களைத் தொட்டுப் பார்த்து, இன்று மாலைக்குள் அறை சூடாகாவிட்டால் திரும்பவும் மருத்துவமனைதான் என்று சொல்லியிருந்தார்.

பத்து மணிக்குத் திருத்த வந்தவர் ஷொதியேரைத் திறக்கவேயில்லை. நேரே நடைக்குப் போனார். அங்கே சுவரிலிருக்கும் தெர்மொஸ்தா, வீட்டின் சூட்டை அளந்து ஷொதியேரைப் பற்றவும் நிற்கவும் சொல்லும் சிறு பெட்டி, இருபத்துநான்கு காட்டியது. அதற்கு நேர்கீழே எங்கள் சாமித் தட்டு, அதில் இரவும் பகலும் எரியும் விளக்கு. தொட்டிலுக்கு இடம் வேண்டிப் போன வாரம்தான் படுக்கையறையிலிருந்து மாற்றினோம். சாமி கிழக்குப் பார்க்க வேண்டும். நடையில் அதற்கு வாய்த்தது அந்த ஒரு சுவர். ஊரில் விளக்கடிச் சுவர் கறுத்தால் வெள்ளையடிப்போம். சுவரின் சூட்டைக் கேட்டு வீடு நடந்துகொள்ளும் என்று யாருக்குத் தோன்றும்? அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து, “இவருக்கு மட்டும் நல்ல சூடு,” என்று தெர்மொஸ்தாவைக் காட்டிச் சிரித்தார். பிறகு விளக்கைக் காட்டி, ஊதுவதுபோல வாயைக் குவித்தார்.

“என்னவாம்?” என்றாள் ஜெயந்தி.

“சோதிச்சுப் பாக்கோணுமாம். கொஞ்ச நேரம் நூக்கட்டாம்.”

“வேணுமெண்டால் அந்தாளை வெளியிலை விட்டுக் கதவைச் சாத்துங்கோ. நான் விளக்கை நூக்கமாட்டன்.”

“பிள்ளையின்ரை காலைத் தொட்டுப் பாரும்.”

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணையின் படம் இருக்கிறது. மாலையில்லை, பொட்டில்லை, இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. போரின் கடைசி நாட்களில், சரணடைந்தவர்களை ஏற்றிய பேருந்தொன்றில் அவர் ஏறுவதை ஜெயந்தி கண்டாள். அதன்பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. அவர் வரும்வரை எரியட்டும் என்று, பாரிசுக்கு வந்ததும் அவள் ஏற்றிய விளக்கு அது.

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, சுடரைக் கையால் மறைத்து, விளக்கைக் குசினிக்குக் கொண்டுபோனாள். தெர்மொஸ்தாவில் எண் மெல்ல இறங்கியது. பத்தொன்பதில் ஷொதியேர் உறுமிப் பற்றிக்கொண்டது. கம்பியில்லாத பெட்டி என்பதால், அவர் அதைக் கழற்றித் தொட்டிலறைச் சுவரில் பூட்டினார். விளக்கு தட்டுக்குத் திரும்பியது. ரதியத்தர்கள் சூடேறத் தொடங்கியபின்தான் அவர் கருவிகளை எடுத்து வைத்தார்.

போகும்போது படத்தின் முன் நின்று, “தம்பியா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“நோ. கிரான் ஃப்ரேர்,” என்றாள் ஜெயந்தி. அண்ணன்.

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்குப் பிரெஞ்சு தடுமாறுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். “பெத்தி ஃப்ரேர், மதாம்,” என்று கனிவாகத் திருத்தினார். தம்பி.

படத்தில் அண்ணைக்கு இருபத்திரண்டு வயது. ஜெயந்திக்கு முப்பத்தெட்டு.